எதனால் பிழை?

அவிசாவளையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அந்த வகுப்பு நடந்தது. சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்க எங்கள் பக்கத்தில் வேறு ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெஹியோவிட்டையிலிருந்தும் எஹலியகொடையிலிருந்தும் பஸ் பிடித்துப் போய் அங்கே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். மாஸ்டர் சட்டைக் காலரில் மைக்கை மாட்டிக்கொண்டு, தானே அச்சடித்து விற்ற வினா விடைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கேள்வியை வாசிப்பார், விடையை வாசிப்பார். நாங்கள் சரி அடையாளம் போட்டுக்கொள்வோம். அதைத்தான் படிப்பு என்று நினைத்திருந்தோம்.

ஒரு நாள், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தைப் பற்றித் தர்க்கக் கேள்வி ஒன்று வந்தது. "தோட்டத்தில் வேலை செய்பவர்கள் மட்டுமே லயத்தில் குடியிருக்கலாம். இதிலிருந்து பெறக்கூடிய முடிவு எது?" தோட்டத்தில் வேலை செய்யும் எல்லோரும் லயத்தில் குடியிருக்கிறார்கள் என்பதுதான் சரியான விடை என்று மாஸ்டர் வாசித்தார். பக்கத்துப் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"சேர், அந்த விடை பிழை."

மாஸ்டர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே, "உட்காருங்க" என்றார்.

"எங்க கணக்கப்புள்ள தோட்டத்துலதான் வேலை செய்றாரு சேர். அவரு வீடு பசார்ல இருக்கு. லயத்துல இருக்கிறவங்க எல்லாரும் தோட்டத்துல வேலை செய்றாங்கன்னு வேணும்னா சொல்லலாம். திருப்பிச் சொல்ல முடியாது."

"நீங்க இருக்கிறது லயத்துலயா?"

"ஆமா சேர்."

"அதான் இவ்வளவு விவரமா பேசுறீங்க."

வகுப்பு சிரித்தது. மைக் இருந்ததால் அவர் சிரித்தது எல்லார் சிரிப்பையும்விடச் சத்தமாகக் கேட்டது. அவள் உட்காரவில்லை.

"அச்சடிச்சதுனால சரியாயிடுமா சேர்? நான் பிழைன்னு சொல்றேன். இல்லைன்னா, எதுனால இல்லைன்னு சொல்லுங்க."

"வெளிய போங்க. பணிவு இல்லாதவங்களுக்குச் சட்டம் வராது."

அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். எனக்கு என்ன வந்ததோ, நானும் எழுந்து பின்னாலேயே போனேன். படியிறங்கும்போது என் காது இரண்டும் சுட்டது. வீதிக்கு வந்ததும் அவள் திரும்பிப் பார்த்து, "நீ ஏன் வந்த? ஒன்னைய யாரும் போகச் சொல்லலியே" என்றாள். நன்றி சொல்லும் பழக்கம் அவளுக்கு அன்றும் இல்லை, பிறகும் வரவில்லை.

அவளை முகம் பார்த்துத் தெரியும். தெஹியோவிட்டைப் பசாரில் அரிசியும் கருவாடும் விற்கும் கடை என் அப்பாவுடையது. மூன்று கடை தள்ளியிருந்த புடவைக் கடையில் அவள் வேலை செய்தாள். முதலாளி எட்டிப் பார்க்காத நேரத்தில் துணிக்கட்டுக்கு நடுவில் தாளை விரித்து வைத்து வாசிப்பாள். நாங்கள் இருவரும் ஒரே வயதுப் பெண்கள். பஸ்ஸில் சேர்ந்து உட்கார்ந்தபோது நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவள் இடைமறித்தாள்.

"சிரிச்சதுக்கு எனக்குக் கோவமில்ல. அத்தன பேரும் அந்தப் பிழையவே டிக் பண்ணிக்கிட்டாங்க, பாத்தியா? நீயுந்தான் பண்ணுன."

பண்ணியிருந்தேன்.

ஏன் இவ்வளவு கோபம் என்பது எனக்கு விளங்கியது இன்னொரு பஸ்ஸில். ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போய்விட்டு அவளும் அவளுடைய அம்மாவும் வந்துகொண்டிருந்தார்கள். நானும் அதே பஸ்ஸில் ஏறியிருந்தேன். அவளுடைய அம்மா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. விடியற்காலை வெட்டை முடித்த கையோடு கிளினிக்குக்கு வந்திருந்தார். ரப்பர் பால் உடுப்பில் பட்டுக் காய்ந்துவிட்டால் அதன் நாற்றம் எத்தனை தடவை கசக்கினாலும் போகாது. அது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கொண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "அம்மே, பஸ்ஸட யன்ன" என்றான். பின்னால் போ என்கிறான். பின்னால் ஆசனம் இல்லை. அந்த அம்மா மாத்திரைப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அவள் அம்மாவின் தோளை அமுக்கி உட்காரவைத்துவிட்டு, மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தாள். பஸ் நின்றது. சிங்களம் அவளுக்குத் தமிழைப் போலவே வரும். எந்தச் சட்டத்தில் இருக்கிறது, டிக்கெட் எடுத்த ஆளை எழுப்பலாம் என்று யார் சொன்னது, சொல்லு என்று கேட்டாள். கொண்டக்டர் முதலில் தடுமாறினான். பிறகு பஸ் முழுவதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நோனா லோயர் கெனெக்த?" என்று கேட்டான். நீங்கள் என்ன வக்கீலா என்று. பஸ்ஸே சிரித்தது. எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. முன் ஆசனத்தில் இருந்த பெரியவர் ஒருவர் தமிழில், "விடும்மா, எல்லாருக்கும் நேரமாகுதில்ல" என்றார். அம்மா அவளுடைய பாவாடையைப் பிடித்து இழுத்து, "உக்காரு தங்கம், உக்காரு" என்று கெஞ்சினார். அம்மா எழும்பவில்லை, அவளும் உட்காரவில்லை. இறங்கும்வரை நின்றுகொண்டே வந்தாள்.

மறுநாள் கடைக்கு வந்து என்னிடம் சொன்னாள்: "அவன் கேட்டது சரியான கேள்வி. நான் லோயர் இல்ல. அதுனாலதான் சிரிச்சாங்க."

அதன்பின் ஞாயிறும் பௌர்ணமிப் போயா நாளும் எங்கள் கடையின் பின்னறையில் சேர்ந்து படித்தோம். வெங்காய மூட்டைக்கும் கருவாட்டுப் பெட்டிக்கும் நடுவில் ஒரு பலகை. அங்கேதான் அவளுடைய முழுக் குணமும் எனக்குத் தெரிந்தது.

என்னிடம் ஏழு நிறத்தில் பேனா இருந்தது. அரசியலமைப்புக்கு ஒரு நிறம், நடப்பு விவகாரத்துக்கு ஒரு நிறம் என்று கோடு போட்டு, அழகான எழுத்தில் குறிப்பெடுத்து, அதைத் திரும்பத் திரும்ப வாசிப்பேன். வாசிக்க வாசிக்க எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். அவள் அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

"மூடியாச்சு. இப்ப சொல்லு. என்னா இருந்திச்சு அதுல?"

எனக்குப் பாதிகூட வரவில்லை.

"நீ படிக்கல புள்ள. புத்தகத்தத் தடவிக் குடுக்கிற. பூனைக்குட்டியா அது?"

அவள் வழி வேறு. பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து வைப்பாள். பரீட்சையில் எவ்வளவு நேரமோ அதைவிடச் சற்றுக் குறைவாகத்தான் கொடுப்பாள். நேரம் முடிந்ததும் பேனாவைப் பிடுங்கிவிடுவாள். உண்மையாகவே பிடுங்குவாள். திருத்தும் வேலை எழுதுவதைவிட நீளமாக இருக்கும். சரியாகப் போட்டதைப் பார்த்துச் சந்தோஷப்பட விடமாட்டாள். பிழையாய்ப் போட்டதன்மேல் விரலை வைத்து அமுக்குவாள்.

"பிழைன்னா, எதுனால பிழை?"

தெரியாது என்று சொன்னால் தப்பித்தேன். படித்துக்கொள் என்பதோடு விட்டுவிடுவாள். தெரிந்தும் கேள்வியை அவசரமாக வாசித்து விட்டது என்றால்தான் ஆத்திரம் வரும். "அல்லாதது எதுன்னு கேட்டிருக்கான். கண்ணு எங்க போச்சு ஒனக்கு?" என்று கத்துவாள். முன்கடையிலிருந்து அப்பா, "என்னம்மா அங்க சண்டை?" என்று குரல் கொடுப்பார். சரியான விடைக்குக் காரணம் சொன்னாலும் போதாது. மற்ற விடைகள் ஒவ்வொன்றும் ஏன் ஆகாது என்றும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதே தாளை இரண்டு கிழமை கழித்துத் திரும்ப வைப்பாள். அதே இடத்தில் திரும்பவும் விழுந்தேன் என்றால் அன்றைக்கு என்னோடு பேசமாட்டாள்.

அமைதியான இடம் வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். அவள் வேண்டுமென்றே பின்கதவைத் திறந்துவிட்டாள். பாண் விற்கும் சூண் பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு சந்தில் நுழைந்தது.

"ஹோல்ல பக்கத்துல இருக்கிறவன் இருமுவான். ஃபேன் கத்தும். அன்னைக்கு யாரப் போய் நிறுத்தச் சொல்லுவ?"

அவளிடம் படித்தேன் என்று சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். என் பிழையை அவள் பிடித்தாள், அவள் பிழையை நான் பிடித்தேன். அவளிடம் பிழை குறைவு. இருந்த ஒன்று பெரிய பிழை. கேள்வியே சரியில்லை என்று பட்டுவிட்டால் அவளால் அதைத் தாண்டிப் போக முடியாது. தாளோடு வழக்காடுவாள். ஓரத்தில் காரணம் எழுதுவாள். "விட்டுட்டு அடுத்ததுக்குப் போ" என்றால், "பிழையா கேட்டுட்டு அவன் தப்பிச்சிருவான், நான் விட்டுட்டுப் போகணுமா?" என்பாள்.

முதல்முறை எழுதினோம். மண்டபத்துக்கு வெளியே வந்தபோது அவள் முகம் கறுத்திருந்தது.

"ஒரு கேள்வியில நின்னுட்டேன். கடைசிப் பக்கத்தத் திருப்பவே இல்ல."

"விடைகள்ல எதுவுமே சரியில்லியா?"

"நான் அப்பிடித்தான் நெனச்சேன். இப்ப யோசிச்சா, நாந்தான் சரியா வாசிக்கல. அந்த மாஸ்டர்னு நெனச்சுக்கிட்டுத் தாளோட சண்ட போட்டிருக்கேன்."

இருவருக்கும் கிடைக்கவில்லை. எனக்கு வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அண்ணனுக்குக் கல்யாணம் ஆகும்வரை எனக்கு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருந்தது. அவளுக்கு அப்படியில்லை. கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று அவள் சித்தி வந்து உட்கார்ந்துவிட்டாள். இன்னும் ஒரே ஒரு தடவை என்று தன் அப்பாவிடம் கேட்டு வாங்கினாள். அந்தக் கோபத்தையும் என்மேல்தான் காட்டினாள். நான் மறுபடியும் குறிப்பை நிறம் பிரித்து எழுதத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு, "ஒனக்குப் பாஸாகணும்னு இல்ல. படிக்கிற புள்ளன்னு நாலு பேரு சொல்லணும். அவ்வளவுதான்" என்றாள். நான் பேனா எல்லாவற்றையும் அவள்மேல் விசிறியடித்து, வெளியே போ என்று கத்தினேன். போனாள்.

அடுத்த ஞாயிறு ஒரு வினாத்தாளோடு வந்து நின்றாள். மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை.

"ஒக்காரு. நேரம் தொடங்கிடுச்சு."

அந்த வருஷம் முழுவதும் அவள் ஒரே ஒரு விஷயத்தைப் பழகினாள்: விட்டுவிட்டுப் போவது. பக்கத்தில் நான் இருந்து, ஒரு கேள்வியில் அவள் அதிகம் தங்கினால் பலகையைத் தட்டுவேன். பல்லைக் கடித்துக்கொண்டு, ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போவாள். ஆரம்பத்தில் எரிச்சலில் கண் கலங்கிவிடும். ஆனாலும் போவாள். அவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி அதைக் கடிவாளம் போட்டுப் பழக்கியதை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

இரண்டாம் முறை அவளுக்குக் கிடைத்தது. எனக்கு அதற்கடுத்த முறைதான் கிடைத்தது. அவளுடைய முடிவு வந்த அன்று அவள் துள்ளவில்லை. புடவைக் கடைக்குப் பின்னால் போய் நின்று என்னைக் கூப்பிட்டு, "நீ எதுல விட்ட? வா, பாப்பம்" என்றாள்.

மறுவாரம் பசாரில் பஸ் நிற்கும் இடத்துக்கு மேலே ஒரு டிஜிட்டல் பேனர் ஏறியது. ஓர் ஆள் உயரத்துக்கு அவள் முகம். பாடசாலை மலரில் வந்த பழைய படத்தை எடுத்துப் பெருப்பித்திருந்தார்கள். "எமது நிலையத்தின் நேரடி வழிகாட்டலில் சட்டக் கல்லூரிக்குத் தெரிவான தோட்டத்துத் தாரகை" என்று சிவப்பு எழுத்து. ஓரத்தில் மாஸ்டர் கைகட்டி நின்றார்.

அவளுடைய கல்லூரிப் பதிவுக்காக இருவரும் கொழும்பில் சில நாள் நின்றுவிட்டு வந்த மறுநாள் நான்தான் முதலில் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. அவளை இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். அவள் முழுவதையும் ஒருமுறை வாசித்தாள். பிறகு என் கைப்பேசியை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு மாஸ்டருக்கு அடித்தாள்.

"சேர், பேனர்ல இருக்கிற நான் ஒங்க வகுப்புல படிச்சது எத்தன நாளு?"

"அட, தங்கச்சி! வாழ்த்துக்கள். நானே வரணும்னுதான்—"

"என்னைய வெளிய போகச் சொன்னீங்க. அதுக்கப்புறம் நான் வரவே இல்ல."

"அது ஒரு கண்டிப்புத்தான தங்கச்சி? அந்தக் கண்டிப்புதான் ஒங்கள இன்னைக்கு இந்த எடத்துல வச்சிருக்கு. பாருங்க, ஒங்க மொகத்தப் பாத்து எத்தன தோட்டத்துப் புள்ளைங்க படிக்க வருவாங்க."

"வந்து? தோட்டத்துல வேலை செய்ற எல்லாரும் லயத்துலதான்னு டிக் பண்ணவா? எறக்குங்க அத."

"அது முடியாது. ஒரு மாசத்துக்குக் காசு கட்டியிருக்கு" என்றார் மாஸ்டர். தங்கச்சி என்ற அழைப்பு போய்விட்டது. "நன்றி இருக்கணும் மனுசருக்கு."

அவள் கைப்பேசியை என்னிடம் தந்துவிட்டு, எங்கள் கடைக்குள் போய் ஏணியைத் தூக்கி வந்தாள். அப்பா, "ஏம்மா, ஏம்மா" என்று பின்னால் ஓடிவந்தார். புடவைக் கடைக் கத்தரிக்கோல் அவள் இடுப்பில் இருந்தது. பட்டப்பகலில், பஸ் ஸ்டாண்ட் முழுக்க ஆட்கள் பார்க்க, ஏறி நின்று கயிற்றை வெட்டினாள். ஒரு பக்கம் அறுந்ததும் அவள் முகம் மடிந்து தொங்கியது. மற்றப் பக்கத்தையும் வெட்டினாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து ஒருவர், "படிக்க இன்னும் போகவே இல்ல, அதுக்குள்ள திமிரப் பாரு" என்றார். "ஒழுங்கா ஒரு புள்ள முன்னுக்கு வந்தா, அதுவும் இப்பிடி" என்றாள் இன்னொருத்தி. பஸ்ஸில் சிரித்தது மாதிரியே இருந்தது எனக்கு. ஏணியை விட்டுவிட்டுப் போய் அந்த ஆளின் சட்டையைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

அப்போதுதான் அவளுடைய அப்பாவைப் பார்த்தேன். தோட்டத்து ரப்பர் பால் ஸ்டோரில் வேலை முடிந்து வந்தவர், வீதிக்கு அந்தப் பக்கம், கூடவே இரண்டு கூட்டாளிகளோடு நின்றுகொண்டிருந்தார். பேனர் ஏறிய நாளிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் அவர் அங்கே வந்து நிற்கிறார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. தேத்தண்ணீர்க் கடைக்காரர் பிறகுதான் சொன்னார். ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஆட்களைக் கூட்டிவந்து காட்டுவாராம். அன்று தரையில் கிடந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

அதற்குப் பிறகு அவள் கொழும்புக்குப் போகும் நாள்வரை அவர் அவளோடு பேசவில்லை. அவளும் விளக்கம் சொன்னாள், கத்தினாள், சட்டம் பேசினாள். "எங்கிட்ட கேக்காம எம் மூஞ்சிய வித்திருக்கான், அது ஒங்களுக்கு வெளங்கலியா?" என்று கேட்டாள். அவர் வெற்றிலையை மென்றுகொண்டு வெளியே பார்த்திருந்தார்.

போகிற அன்று காலையில் அவர்தான் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரை வந்தார். அம்மா வேலைக்குப் போயிருந்தார். நான் வழியனுப்ப நின்றேன். கொழும்பு பஸ் வந்து, கொண்டக்டர் ஊர்ப் பெயர்களைக் கூவத் தொடங்கியதும் அவள் ஏறக் காலை வைத்தாள். அப்போது அவர் கூப்பிட்டார்.

"அவன் என்னா எழுதியிருந்தான்னு எனக்கு வாசிக்கத் தெரியாதும்மா. ஓம் மூஞ்சி மட்டுந்தான் எனக்குத் தெரிஞ்சிச்சு. அவ்வளவு பெருசா."

அவள் படியில் ஒரு காலோடு நின்றாள். கொண்டக்டர், "நங்கி, இக்மணட" என்று அவசரப்படுத்தினான். அவள் இறங்கினாள். பெட்டியையும் இறக்கினாள். பஸ் போய்விட்டது.

"வாங்க" என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீதியைக் கடந்தாள். எதிரே ஒரு ஸ்டூடியோ. அப்போதுதான் கதவைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா, "என்னாத்துக்கும்மா, சட்ட அழுக்கா இருக்கு" என்று தயங்கினார். "இருக்கட்டும்" என்று அதட்டினாள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் நின்றாள். படம் எடுக்கும் பையன் சிரிக்கச் சொன்னான். "நீ எடு" என்றாள்.

எடுத்து முடிந்ததும், இருக்கிறதிலேயே பெரிய அளவு எது என்று கேட்டாள். அவன் சுவரில் இருந்த கல்யாணப் படம் ஒன்றைக் காட்டினான். அதைவிடப் பெரிதாக வேண்டும் என்றாள். பேனர் மாதிரியே போட்டுத் தரலாம், தெரிவானவங்களுக்கெல்லாம் அப்படித்தான் போடுகிறோம் என்றான் அவன். பேப்பரையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, "கீழ என்ன எழுதணும் மிஸ்? பேரு, சட்டக் கல்லூரி...?" என்று கேட்டான்.

"ஒண்ணும் எழுத வேணாம்" என்றாள்.